நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கூட்டுழைப்பும் ஆவணப் பெயர்களும்: முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வானியல் ஆய்வு தனியொருவரின் கண்டுபிடிப்பாக நினைவுகூரப்படினும், அது பலரின் உழைப்பால் நிகழ்வது. நோக்குபவர், கருவியின் அளவைப் படிப்பவர், குறித்துக்கொள்பவர், கணக்கிடுபவர், கருவியைப் பேணுபவர் எனப் பலர் அதில் பங்கேற்கின்றனர். 1792 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வகத்தையும், அதன் மரபில் வந்த காவலூர் ஆய்வு நிலையத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் கூட்டுழைப்பில் யார் பெயர் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஐசிஸ் பாக்சன் ஆகியோரின் பணிகள் சிறப்பாக நோக்கப்படுகின்றன. இவ்வானாய்வகத்தின் பயன்கள் தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டிய வழிகளும், இக்கரையின் முத்துக்குளிப்பு ஆவணங்களோடு வானியல் ஆவணங்களுக்குள்ள ஒப்புமையும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சென்னை வானாய்வகம், சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஐசிஸ் பாக்சன், விண்மீன் பட்டியல், திருக்கணிதம், முத்துக்குளித்துறை, தூத்துக்குடி.

முன்னுரை

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதற்கு முற்பட்ட குளிப்புகளைப் பற்றிய அறிக்கைகளைப் படிப்போருக்கு ஓர் அமைப்பு விரைவில் புலப்படும். எந்தப் பாரில் குளிப்பு நடந்தது, எத்தனை படகுகள் சென்றன, எவ்வளவு சிப்பிகள் கரைசேர்ந்தன, ஏலத்தில் அரசுக்கு எவ்வளவு வருவாய் கிடைத்தது என்பன எண்களாக நிற்கின்றன. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிய குளியாளும், படகில் நின்று அவர் உயிர்க்கயிற்றைப் பிடித்திருந்தவரும் அவ்வெண்களுக்குள் மறைந்துவிடுகின்றனர். ஒருவர் மூச்சடக்க மற்றொருவர் கயிறு பிடிக்க நடைபெறும் இத்தொழிலில் இருவரில் ஒருவர் இல்லையெனினும் முத்து இல்லை.

வானியல் ஆவணங்களும் இத்தகைய அமைப்பு உடையவையே. விண்மீனின் இருப்பிடம் எண்ணாக நிற்கிறது. பட்டியலின் தலைப்புப் பக்கத்தில் வானாய்வகத் தலைவரின் பெயர் நிற்கிறது. அவ்வெண்ணை உருவாக்கிய பிறர் முன்னுரையின் ஒரு வரியிலோ சம்பளப் பட்டியலிலோ இருக்கின்றனர். தமிழில் அறிவியல் வரலாறு எழுதுவோர் கண்டுபிடிப்புகளையும் கண்டுபிடித்தோரையும் தொகுப்பதில் பெரும் அக்கறை காட்டியுள்ளனர். கண்டுபிடிப்பு உருவாகும் உழைப்பின் அமைப்பை விளக்கும் முயற்சிகள் குறைவு. அக்குறையை ஒரு சிறு அளவில் நிறைவு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தூணின் கூற்றும் சோழிக் கணக்கும்

சென்னை வானாய்வகம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த ஆய்வகத்திலிருந்து தோன்றியது. பின்னர்க் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக நிறுவப்பட்ட கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. பிரித்தானியரின் கொடையால் கணித அறிவியல்கள் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்வருவோரும் அறிய வேண்டும் என்னும் கருத்து அங்குப் பொறிக்கப்பட்டது. தமிழும் அக்கல்வெட்டு மொழிகளுள் ஒன்று.

இக்கூற்று எழுந்த காலத்திற்கு முன்பே அதனை மறுக்கும் சான்று புதுச்சேரியில் பதிவாகியிருந்தது. 1769ஆம் ஆண்டு வெள்ளி இடைநகர்வைக் காண வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தீல் மேகத்தால் அக்காட்சியை இழந்தார். ஆயினும் புதுச்சேரியில் தங்கியிருந்த நாள்களில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று, அதனைத் தம் நாட்டாருக்கு எழுதினார். 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வகப் பொறுப்பிலிருந்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் துணையால் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். எழுதுகோலும் தாளும் அவருக்குத் தேவைப்படவில்லை.

வாரனின் இக்குறிப்பு ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் கவனம் பெற்றது. கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் 1952இல் தமிழ் வானியல் குறித்து எழுதிய கட்டுரையில், அக்கணிதமுறையின் கூறுகள் பண்டைப் பாபிலோனியக் கணித முறைகளோடு தொடர்புடையவை எனக் காட்டினார். சோழி பரப்பிய ஒருவரின் வேலை உலக வானியல் வரலாற்றுக்குச் சான்றாயிற்று. வாரன் அவர் செய்ததை அடி அடியாகக் குறித்து வைத்ததே இதற்குக் காரணம். பெயரைக் குறிப்பதோடு செய்முறையையும் குறித்து வைத்தால்தான் உழைப்பு பிற்காலத்தார்க்குப் பயன்படும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

2. ஒரு விண்மீன் இடத்திற்குப் பின்னுள்ள கைகள்

19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தின் தலையாய பணி விண்மீன் பட்டியல் தயாரிப்பு. டி. ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்கள் இடம்பெற்றன. பின்னர் என். ஆர். பாக்சன் காலத்தில், 1862 முதல் 1887 வரை மெரிடியன் வட்டக் கருவியால் நோக்கப்பட்ட 5,303 விண்மீன்களின் பட்டியல் உருவாயிற்று. பாக்சன் 1891இல் மறைந்தார். எஞ்சிய தொகுதிகளை முடித்து வெளியிடும் பொறுப்பு அவருக்குப் பின்வந்த மிச்சி ஸ்மித்துக்கு வந்தது.

மெரிடியன் வட்டம் என்பது வடக்கு தெற்காக மட்டுமே சுழலும் தொலைநோக்கி. புவியின் சுழற்சியால் ஒவ்வொரு விண்மீனும் அத்தளத்தை ஒருமுறை கடக்கும். கடக்கும் கணத்தைக் கடிகாரம் காட்டும். உயரத்தைக் கருவியோடு பொருந்திய வட்ட அளவுகோல் காட்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் விண்மீனின் இடம் கிடைக்கும். சொல்வதற்கு எளிய இவ்வேலை செய்வதற்கு எளியதன்று. நோக்குபவர் கண்ணை வில்லையில் வைத்துக்கொண்டே, காதால் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ண வேண்டும். காட்சிப்பரப்பில் உள்ள நூலிழைகளை விண்மீன் கடக்கும்போது, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நொடியின் பத்திலொரு பங்கை மதிப்பிட வேண்டும். அளவுகோலின் நுண்கோடுகள் நுண்ணோக்கியால் படிக்கப்பட்டு, எண்கள் அவ்வப்போதே ஏட்டில் பதியப்பட வேண்டும்.

இரவு வேலையைவிடப் பகல் வேலை நெடியது. நோக்கிய எண் அப்படியே பட்டியலில் ஏறுவதில்லை. கடிகாரத்தின் பிழை, கருவி சிறிதளவு சாய்ந்திருத்தல், வளிமண்டலம் ஒளியை வளைத்தல், புவியின் ஓட்டத்தால் ஒளி பிறழ்ந்து தோன்றுதல், அயனச் சலனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் திருத்தம் கணக்கிட வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த அளவுகள் அனைத்தையும் ஒரு பொது ஆண்டுக்கு மாற்ற வேண்டும். பாக்சன் கால நோக்கல்கள் ஐம்பதாயிரத்தைக் கடந்தவை. ஒவ்வொன்றும் மடக்கை அட்டவணையைக் கொண்டு கையால் கணக்கிடப்பட்டது. இப்பணியைச் செய்தவர்களின் பதவிப் பெயர் 'கணிப்பாளர்' என்பதாகும். இன்று கணினியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அக்காலத்தில் அம்மனிதர்களைக் குறித்தது.

ஆகவே ஒரு விண்மீனின் இடம் என்பது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. எந்தக் கண்ணியில் பிழை நேர்ந்தாலும் அது கடைசி எண்ணில் வந்து சேரும். பட்டியல் நம்பத்தக்கது எனில், நடுவிலிருந்த ஒவ்வொருவரும் நம்பத்தக்கவர் என்பதே அதன் பொருள். வானாய்வகத் தலைவருக்குக் கிடைத்த புகழில் இந்நம்பிக்கை அடங்கியுள்ளது.

3. சிந்தாமணி ரகுநாதாச்சாரி

இச்சங்கிலியில் பெயரோடு வெளிப்பட்டு நிற்கும் தமிழ்நாட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதத்தில் பயின்ற குடும்பத்தவரான அவர் இளம்வயதிலேயே வானாய்வகப் பணியில் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தார். மெரிடியன் வட்ட நோக்கல்களில் பெரும்பங்கு ஆற்றினார். 1867 சனவரியில் தென்வானின் வலை விண்மீன் குழுவில் ஒரு விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 'ஆர் ரெட்டிகுலி' என வழங்கும் அவ்விண்மீன் இந்தியர் ஒருவர் பெயரோடு பதிவான தொடக்ககால வானியல் கண்டுபிடிப்பாகும். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வுறுப்புரிமை பெற்ற முதல் இந்தியர் அவரே. 1880 பிப்ரவரியில் மறைந்தார்.

இச்செய்திகள் பரவலாக அறியப்பட்டவை. கூட்டுழைப்பு நோக்கில் இரண்டு கூறுகள் கூடுதல் கவனத்திற்குரியவை.

முதலாவது, இக்கண்டுபிடிப்பு பட்டியல் பணியின் விளைவு. விண்மீனின் இடத்தைப் பலமுறை அளக்கும்போதுதான் அதன் ஒளி முன்பதிவோடு பொருந்தாமை தெரியவரும். பழைய பதிவுகளை உருவாக்கியவர்களும் அக்கண்டுபிடிப்பில் பங்குடையவர்கள். மேலும், விண்மீன்களின் ஒளித்தர அளவுமுறைக்கு 2.512 என்னும் விகிதத்தை 1856இல் முன்மொழிந்தவர் பாக்சன். அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய ஒருவர் ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தது அவ்வாய்வகத்தின் பயிற்சிமுறையோடு பொருந்துவது. பாக்சன் அதைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்ளாமல் உதவியாளர் பெயரிலேயே அறிவித்தார். அக்காலப் பணியமைப்பில் இது வழக்கமாக எதிர்பார்க்கத்தக்க செயல் அன்று.

இரண்டாவது, ரகுநாதாச்சாரி வானாய்வகத்தின் அறிவை ஊருக்குக் கொண்டுவந்தார். 1874 டிசம்பர் 9ஆம் நாள் நிகழவிருந்த வெள்ளி இடைநகர்வைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்தோடு இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியாயிற்று. மரபான வாக்கியக் கணிதத்திற்கும் கண்ணால் காணும் வானத்திற்கும் வேறுபாடு பெருகியிருந்த நிலையில், நோக்கலோடு இசையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை உருவாக்கினார். விரத நாள், திதி, கிரகண நேரம் ஆகியவற்றில் எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்னும் விவாதம் தமிழகக் கோயில்களிலும் இல்லங்களிலும் இன்றும் தொடர்கிறது. சோழி பரப்பிக் கணித்தவரின் மரபையும் மெரிடியன் வட்டத்தின் அளவையும் ஒருவரே அறிந்திருந்தமையால் இப்பணி இயன்றது. அவரை வெறும் 'உதவியாளர்' எனக் கூறும் பதவிப் பெயர் இவ்விரட்டைப் புலமையைக் காட்டுவதில்லை.

4. ஐசிஸ் பாக்சன்: பதவியும் அவையும்

பாக்சனின் மகள் ஐசிஸ் பாக்சன் 1873 முதல் வானாய்வகத்தில் கணிப்பாளராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னை மாகாண வானிலைப் பதிவுப் பணியின் பொறுப்பையும் வகித்தார். 1886இல் அவரை அரச வானியல் கழக உறுப்பினராக்கப் பாக்சன் முன்மொழிந்தார். கழகத்தின் சாசனம் ஆண்பாற் சுட்டால் எழுதப்பட்டுள்ளமையால் பெண்கள் உறுப்பினராதல் இயலாது என்னும் சட்டக் கருத்தின் அடிப்படையில் அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. அவர் உறுப்பினரானது 1920இல், அதாவது 34 ஆண்டுகளுக்குப் பின்னர்.

ரகுநாதாச்சாரியையும் ஐசிஸ் பாக்சனையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. முன்னவர் ஆளப்பட்ட நாட்டவர். எனினும் அவைக்குள் இடம்பெற்றார். பின்னவர் ஆளும் இனத்தவர். வானாய்வகத் தலைவரின் மகள். எனினும் ஒரு சொல்லின் பாலால் தடுக்கப்பட்டார். கூட்டுழைப்பில் பெயர் மறைவதற்கு ஒரே காரணம் இல்லை. இனம், சாதி, பால், பதவி, கல்வி ஆகியவை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வகையாகச் செயல்படுகின்றன. ரகுநாதாச்சாரி பெற்ற கணிதப் பயிற்சி அக்காலச் சமூக அமைப்பில் எல்லாச் சாதியினருக்கும் எட்டியதன்று என்பதையும் உடன் நினைவில் கொள்ள வேண்டும். காலனிய ஆட்சி என்னும் ஒற்றைக் காரணத்தால் இவை அனைத்தையும் விளக்க முற்படுவது ஆய்வைச் சுருக்கிவிடும்.

5. கிரகணப் பாதையில் ஒரு கூட்டு முயற்சி

வானாய்வகச் சுவர்களுக்கு வெளியே கூட்டுழைப்பு விரிந்ததற்கு முழுச் சூரிய கிரகணங்கள் சான்று. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் கிரகணத்தின்போது பாக்சன் மசூலிப்பட்டினத்திலும், ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலும், பிரெஞ்சு வானியலர் ழான்சன் குண்டூரிலும் இருந்தனர். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணம் மேலைக் கடற்கரையின் பேக்கல் கோட்டையிலிருந்து நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம், திருகோணமலை வரை சென்றது. லாக்யர் பேக்கலிலும், டென்னன்ட் தொட்டபெட்டாவிலும், ழான்சன் நீலகிரியின் சோலூரிலும், பாக்சனும் ரகுநாதாச்சாரியும் அவிநாசியிலும், இத்தாலிய வானியலர் ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் காத்திருந்தனர். முத்துக்குளித்துறைக் கரை முழுக் கிரகணப் பாதைக்குத் தெற்கே அமைந்தமையால் இங்குப் பகுதிக் கிரகணமே தோன்றியது.

சில நிமிடங்களே நீடிக்கும் காட்சிக்காக இத்தனை இடங்களில் நிலைகள் அமைக்கப்பட்டதற்குக் காரணம் எளிது. ஓரிடத்தில் மேகம் மறைத்தாலும் மற்றோரிடத்தில் வானம் தெளிந்திருக்கலாம். பல இடத்துப் பதிவுகளை ஒப்பிட்டால், தோற்றம் சூரியனுக்கு உரியதா, வளிமண்டலத்தால் ஏற்பட்டதா எனப் பிரித்தறியலாம். அறிக்கைகளில் நிலையத் தலைவர்கள் பெயரால் அறியப்படுகின்றனர். மலைப்பாதையில் கருவிப் பெட்டிகளைச் சுமந்தோரும் கூடாரம் அமைத்தோரும் ஏற்பாடாக மட்டுமே தோன்றுகின்றனர். கருவி உடையாமல் மேலே சென்றதனால்தான் நோக்கல் நடந்தது என்பது அறிக்கையின் தருக்கத்திலேயே அடங்கியிருப்பினும், அது சொல்லப்படுவதில்லை.

6. சென்னை நேரமும் தூத்துக்குடித் துறைமுகமும்

வானாய்வகத்தின் வேலை தூத்துக்குடிக்கு இரு வழிகளில் வந்தது. முதலாவது நேரமும் இடமும். வானாய்வகத்தின் நெடுவரை, லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பணிக்கு அடிப்படையாயிற்று. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரம் தந்தி வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் பரவியது. 1870களில் தூத்துக்குடிக்கு வந்த தொடர்வண்டி அந்நேரத்தையும் உடன் கொண்டுவந்தது. 1906இல் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வரும்வரை இருப்புப்பாதையின் கடிகாரங்களுக்கு நுங்கம்பாக்கத்தின் விண்மீன்களே அடிப்படை.

இரண்டாவது வழி கடலோதம். கடல்மட்டம் ஏறி இறங்குவது திங்கள், ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பால் நிகழ்வது. ஓதத்தை முன்னறிவிக்க, ஒரு துறைமுகத்தில் இடைவிடாது கடல்மட்டத்தைப் பதிந்து, வான்பொருள்களின் இயக்கத்திற்கேற்ப அப்பதிவைப் பல அலைக்கூறுகளாகப் பிரிக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறை 1880களின் இறுதியில் தூத்துக்குடியிலும் இத்தகைய பதிவு நிலையத்தை நடத்தியது. மன்னார் வளைகுடாவின் நீர்மட்டத்தைக் கரையில் ஒருவர் கவனித்துவர, தொலைவில் வேறு சிலர் அதனை எண்களாகப் பகுத்தனர். வானியலும் துறைமுகமும் ஒரே கணக்கில் சந்தித்த இடம் இது.

இக்கரையின் கடலோடிகள் விடிவெள்ளியையும் அறுமீனையும் கொண்டு காலமும் திசையும் அறிந்தவர்கள். தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களைக் கண்டடைய, கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்படுத்தி இடம் குறிப்பது வழக்கம். இவ்வறிவு வாய்வழியாக வந்தமையால் ஆவணங்களில் அது 'உள்ளூர் வழிகாட்டிகள்' என்னும் பொதுச் சொல்லுக்குள் ஒடுங்கிப்போகிறது. வாரன் சோழிக் கணிதரிடம் செய்ததைப் போல, அடி அடியாகச் செய்முறையைப் பதிவு செய்யும் பணி இக்கரையில் இன்னும் விரிவாக நடைபெற வேண்டியுள்ளது.

7. காவலூரில் மாறிய மரபு

வானாய்வகப் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாறின. அம்மரபில் பின்னர் உருவான காவலூர் நிலையத்தில் 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வு நோக்கப்பட்டது. கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி குறைந்தது. அதனை ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவரும் தம் பெயர்களில் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் முதலில் அதனை ஒரு துணைக்கோளின் அறிகுறியாகக் கருதினர். வானூர்தியிலிருந்து அதே நிகழ்வை நோக்கிய அமெரிக்கக் குழுவின் பதிவுகளோடும் பிற நிலையங்களின் பதிவுகளோடும் ஒப்பிட்டபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளமை உறுதியாயிற்று. ஒரு நிலையத்தின் பதிவு தனித்து நின்றால் ஐயத்திற்குரியது; பல பதிவுகள் கூடும்போது அறிவாகிறது.

காவலூரில் சிறுகோள் தேடலுக்கென 'கல்கி' என்னும் பெயரில் நடைபெற்ற திட்டத்தில், ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17ஆம் நாள் கண்டறிந்த 4130ஆம் எண் சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. இன்றைய வானியலில் ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பை 2016இல் அறிவித்த கட்டுரையில் ஏறத்தாழ ஆயிரம் ஆசிரியர் பெயர்கள் உள்ளன. பெயர்ப் பட்டியல் நீண்டுள்ளது. ஆயினும் யார் என்ன செய்தார் என்பது அப்பட்டியலால் மட்டும் விளங்குவதில்லை. முன்னர்ப் பெயர் இன்மையால் உழைப்பு மறைந்தது. இன்று பெயர் மிகுதியாலும் மறையக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து கூட்டு வானியல் பணியில் ஈடுபட்டோரின் பதிவுநிலையை நான்காக வகுக்கலாம்: தலைப்புப் பக்கத்தில் பெயர் பெற்றோர், கண்டுபிடிப்பாலோ கட்டுரையாலோ தனித்துப் பெயர் பெற்றோர், பதவிப் பெயரால் மட்டும் அறியப்படுவோர், ஏற்பாடு என்னும் சொல்லுக்குள் அடங்கியோர். டெய்லர், பாக்சன் ஆகியோர் முதல் வகையினர். ரகுநாதாச்சாரியும் குப்புசாமியும் இரண்டாம் வகையினர். கணிப்பாளர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகையினர். தூணை நிறுத்திய கல் தச்சரும் கருவி சுமந்தோரும் நான்காம் வகையினர். ஐசிஸ் பாக்சன் மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு வர ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. ஆய்வாளர் ஓர் ஆவணத்தை எடுக்கும்போது இந்நான்கு நிலைகளையும் தனித்தனியே தேடினால், தலைப்புப் பக்கம் சொல்லாத வரலாறு கிடைக்கும்.

இது பழங்காலத்திற்கு மட்டும் உரிய செய்தி அன்று. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் அமையும் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. பாரில் குளித்தவர்களின் பெயர்களைச் சேர்த்து வைக்கத் தவறிய இக்கரையில் விண்வெளிப் பணி ஒன்று தொடங்கியுள்ளது. அப்பணியில் ஈடுபடும் பொறியாளர் முதல் கட்டுமானத் தொழிலாளர் வரை, நிலம் கொடுத்தோர் முதல் அக்கடலில் தொழில் செய்யும் மீனவர் வரை அனைவரின் சொற்களும் இப்போதே பதிவு செய்யப்பட வேண்டும். இவ்வட்டாரப் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இணைந்து மேற்கொண்டால் அது இயலும். உழைத்தவர்கள் உயிரோடிருக்கும்போது அவர்களைக் கேட்டு எழுதுவது, பின்னர்ச் சம்பளப் பட்டியல்களில் அவர்களைத் தேடுவதைவிட எளிது.